நடந்து பழகிய பாதை நமக்குச் சொந்தமா?

('பொது வழியும் தனியார் நிலமும்' என்ற தலைப்பில், தொலைக்காட்சிக் கருத்துமேடையில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பு பார்ப்பதற்குச் சின்னது. ஒரு பாதை, ஒரு கேட், ஒரு பூட்டு, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பூட்டு விழுந்த மறுநாள் காலையில் என்னென்ன நின்று போகின்றன என்று எண்ணிப் பாருங்கள். பள்ளிக்குப் போகிற பிள்ளை சுற்றுவழியில் போக வேண்டும். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கப் போகிற அம்மா வெளியே நிற்க வேண்டும். ஒரு சாவு விழுந்தால், பிணத்தைத் தூக்கிக்கொண்டு இடுகாட்டுக்குப் போகக்கூட யாரிடமாவது சாவி கேட்க வேண்டும். அப்போதுதான் தெரிகிறது, இத்தனை நாளும் நாம் நடந்தது யாருடைய நிலத்தில் என்று.

மலாக்கா மாநிலத்தில் புக்கிட் அசகான், தெபோங், கெமுனிங், டைமண்ட் ஜூபிலி என்று தோட்டங்களின் பெயரைச் சொன்னாலே அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் முகம் மலரும். இன்று அவர்களில் பெரும்பாலோர் பட்டணத்துத் தாமான்களில் இருக்கிறார்கள். ஆனால் குலதெய்வம் தோட்டத்தில் இருக்கிறது. தாத்தா, பாட்டியின் சமாதி தோட்டத்தில் இருக்கிறது. ஆக, ஆள் வெளியே வந்தாலும் வழி உள்ளேதான் போகிறது. இந்த வழியைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

தாத்தா கொண்டு வந்த நம்பிக்கை

இந்தப் பிரச்சினை எங்கே எழுந்தாலும் நம்மவர்கள் சொல்கிற முதல் வார்த்தை ஒன்று உண்டு: "அறுபது வருஷமா நடந்துக்கிட்டு இருக்கோம், இப்ப வந்து எப்படி அடைப்பான்?" இதில் ஆத்திரம் மட்டுமல்ல, ஒரு நம்பிக்கையும் இருக்கிறது. நெடுங்காலம் நடந்தால் அந்த வழி நமக்கு உரிமையாகிவிடும் என்ற நம்பிக்கை.

இது ஆதாரமே இல்லாத நம்பிக்கை அல்ல. நம் முன்னோர்கள் தமிழ்நாட்டில் இருந்து கொண்டு வந்தது. அங்கே நிலப் பத்திரங்களில் 'வழிநடைப் பாத்தியம்' என்றே எழுதுவார்கள். 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டப்படி, ஒருவர் அடுத்தவர் நிலத்தின் வழியாக 20 ஆண்டுகள் தடையில்லாமல், ஒளிவுமறைவில்லாமல், உரிமை என்ற நினைப்போடு நடந்து வந்திருந்தால், அந்த வழியைத் தன் உரிமை என்று நீதிமன்றத்தில் கோரலாம். இங்கிலாந்திலும் அப்படித்தான். 1980-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம், பொதுமக்கள் 20 ஆண்டுகள் தடையின்றி நடந்த பாதையைப் பொதுப்பாதை என்றே கருதச் சொல்கிறது, உரிமையாளருக்கு அந்த எண்ணம் இல்லை என்று நிரூபிக்கப்பட்டால் ஒழிய.

ஆனால் நம் நாட்டில்? 1965-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தேசிய நிலச் சட்டத் தொகுப்பின் 284-ஆவது பிரிவு ஒரே வரியில் கதவைச் சாத்திவிடுகிறது. நெடுங்காலப் பயன்பாட்டினால் மட்டும் அடுத்தவர் நிலத்தில் இப்படிப்பட்ட உரிமையைப் பெற முடியாது. இருபது வருஷம் நடந்தாலும் சரி, அறுபது வருஷம் நடந்தாலும் சரி, கணக்கில் வராது. எழுத்தில் இருக்க வேண்டும், நில அலுவலகப் பதிவேட்டில் ஏற வேண்டும். கால் பதித்தது போதாது, பேனா பதிய வேண்டும்.

மலாக்காவுக்கு இதில் ஒரு தனிக் கதை உண்டு. மற்ற மாநிலங்களில் நிலப் பதிவு முறை முன்பே இருந்தது. மலாக்காவிலும் பினாங்கிலும் மட்டும் ஆங்கிலேயர் காலத்துப் பத்திர முறை நீடித்தது. 1966 ஜனவரி 1-ஆம் தேதி தேசிய நிலச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தபோதுதான் இந்த இரண்டு மாநிலங்களும் அதே வரிசைக்கு வந்தன. ஆகவே நம் பெரியவர்களில் சிலர் பழைய முறையின் நினைவோடு பேசுகிறார்கள். அவர்கள் பேசுவது பொய்யில்லை. ஆனால் சட்டம் மாறிவிட்டது, நாம் மாறவில்லை.

கேட்டுக்கு ஒரு சரித்திரம் உண்டு

இதைக் கேட்டதும் சிலர் நினைக்கலாம், "சட்டம் அப்படி என்றால் பேசாமல் போக வேண்டியதுதானே" என்று. அவ்வளவு சுலபமாகப் போய்விட முடியாது. தோட்டத்துக் கேட் என்பது நமக்கு வெறும் இரும்புக் கம்பி அல்ல.

1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலை நிறுத்தத்தைப் பற்றிப் படித்திருப்பீர்கள். ஆர்.எச். நாதன் முன்னின்ற அந்தப் போராட்டத்தின் கோரிக்கைப் பட்டியலில் சம்பள உயர்வு இருந்தது. பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல் எல்லாம் இருந்தன. அவற்றோடு சேர்த்து இன்னும் இரண்டு கோரிக்கைகள். ஒன்று, உற்றார் உறவினரும் நண்பர்களும் தோட்டத்துக்குள் தடையில்லாமல் வந்து போக அனுமதி வேண்டும். இன்னொன்று, துரைமாருக்கும் கிராணிமாருக்கும் எதிரே சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதி வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். அண்ணன் வீட்டுக்குத் தம்பி வருவதற்குக் கூட துரையின் தயவு வேண்டியிருந்தது. சாலையில் சைக்கிளில் போவதற்கும் ஒரு மரியாதை வரி செலுத்த வேண்டியிருந்தது. சாலை தோட்டத்துக்குச் சொந்தம், தோட்டம் துரைக்குப் பொறுப்பு, ஆகவே நடப்பவனும் துரைக்குக் கட்டுப்பட்டவன் என்பதுதான் அன்றைய கணக்கு. அந்தப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

கடல் கடந்து பார்த்தாலும் இதே கதைதான். 1924 மார்ச் 30-ஆம் தேதி தொடங்கிய வைக்கம் போராட்டம் எதற்காக? கோயிலுக்குள் போவதற்காகக் கூட அல்ல. கோயிலைச் சுற்றியுள்ள சாலைகளில் நடப்பதற்காக. அந்தச் சாலைகளில் தாழ்த்தப்பட்டவர் நடக்கக்கூடாது என்று இருந்தது. ஈரோட்டிலிருந்து பெரியார் அங்கே போய் இரண்டு முறை சிறை சென்றார். 1925 நவம்பரில் மூன்று பக்கத்துச் சாலைகள் திறக்கப்பட்டன. அதே பெரியார் 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்தபோது நம்மவர்கள் திரண்டு வரவேற்றார்கள்.

ஆகவே ஒரு வழியை அடைத்தால் நமக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று யாராவது கேட்டால், பதில் இதுதான். வழி கேட்டு அடிபட்ட பரம்பரை நாம்.

நிலக்காரர் பக்கத்தையும் கேட்போம்

அதே நேரத்தில் நியாயம் ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பதில்லை. நிகழ்ச்சிக்காகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு நாங்கள் தோட்டங்களுக்குப் போகும்போது கேட்டில் எங்களையும் நிறுத்துவார்கள். பெயரை எழுதச் சொல்வார்கள், அடையாள அட்டையைக் கேட்பார்கள். நிறுத்துகிற காவலரும் பல இடங்களில் நம்ம ஆள்தான். அவர் சொல்கிற காரணங்களும் கேட்க வேண்டியவையே.

செம்பனைக் குலை திருட்டு நடக்கிறது. இரவோடு இரவாக லாரியில் குப்பையைக் கொண்டு வந்து கொட்டிவிட்டுப் போகிறார்கள். உள்ளே யாராவது விழுந்து அடிபட்டால் நிர்வாகத்தின் மேல் வழக்கு வருமோ என்ற பயம் இருக்கிறது. தோட்டத்துச் சாலையைச் செப்பனிடுகிற செலவும் நிர்வாகத்தின் தலையில்தான். ஆகவே கேட் போடுவதே அநியாயம் என்று சொல்ல முடியாது. கேட் போட்ட பிறகு யாருக்கு, எப்போது, எப்படித் திறப்பது என்பதில்தான் நியாயமும் அநியாயமும் இருக்கிறது.

சட்டத்தில் இருக்கும் இரண்டு கதவுகள்

284-ஆவது பிரிவு ஒரு கதவைச் சாத்தினாலும், அதே சட்டம் வேறு இரண்டு கதவுகளைத் திறந்தே வைத்திருக்கிறது. இது நம்மவர்களில் பலருக்குத் தெரிவதில்லை.

முதல் கதவு, நிலக்காரரோடு பேசிச் செய்துகொள்ளும் வசதியுரிமை. பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள் இருவர் உடன்பட்டு, அதற்குரிய பாரத்தில் கையெழுத்திட்டு, நில அலுவலகத்தில் பதிவு செய்வது. அப்படிப் பதிவானால், நாளைக்கு நிலம் கை மாறினாலும் வழி மாறாது. புதிதாக வாங்குகிறவரையும் அது கட்டுப்படுத்தும்.

இரண்டாவது கதவு, நில நிர்வாகி உருவாக்கித் தரும் வழியுரிமை. சட்டத்தின் 28-ஆம் பாகம், 387-ஆவது பிரிவிலிருந்து 395-ஆவது பிரிவு வரை இதைப் பற்றித்தான் பேசுகிறது. இதில் இரண்டு வகை. தன் நிலத்துக்குப் போக வழியில்லாமல் அடைபட்டுக் கிடப்பவருக்கு, பொதுச் சாலை போன்ற பொது இடம் வரை வழி உண்டாக்கித் தருவது தனியார் வழியுரிமை. ஒரு பொது இடத்திலிருந்து இன்னொரு பொது இடத்துக்குப் பொதுமக்கள் கடந்து போக வழி உண்டாக்குவது பொது வழியுரிமை. இரண்டுக்கும் விசாரணை உண்டு. நட்டப்படுகிற நிலக்காரருக்கு இழப்பீடும் உண்டு. முடிவு பிடிக்காதவர் மூன்று மாதத்துக்குள் உயர்நீதிமன்றத்துக்குப் போகலாம்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய சங்கடம் ஒன்று இருக்கிறது. அடைபட்ட ஒரு துண்டு நிலம் வைத்திருப்பவருக்கு இந்தக் கதவு நேராகத் திறக்கும். ஆனால் தோட்ட நிறுவனத்தின் நிலத்திலேயே, தனிக் கிராண்ட் இல்லாமல் இருக்கும் கோயிலுக்கும் இடுகாட்டுக்கும் இது அவ்வளவு சுலபமாகத் திறக்காது. அங்கே நாம் நிலக்காரரும் அல்ல. அது பொதுச் சாலையும் அல்ல. அங்கே நிலத்தையே பிரித்துத் தனிக் கிராண்ட் எடுக்கப் பார்க்க வேண்டும். அதுவரை எழுத்து மூலமான அனுமதியாவது கையில் வேண்டும்.

இங்கேதான் பெரியவர்கள் தயங்குகிறார்கள். "அனுமதி கேட்டால், நமக்கு உரிமை இல்லை என்று நாமே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா?" என்று கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பயத்துக்கு அர்த்தம் உண்டு. அங்கே அனுமதி கேட்டு நடந்தால், உரிமையோடு நடந்தேன் என்று பிறகு வாதாட முடியாது. ஆனால் இங்கே நடந்து நடந்து உரிமை சேர்வதே இல்லையே! இல்லாத உரிமையை அனுமதிக் கடிதம் எப்படிக் கெடுக்கும்? கேட்பதால் நட்டம் இல்லை. கேட்காமல் இருப்பதால்தான் நட்டம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். வெறும் அனுமதியை நிலக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நிலத்தை வேறொருவர் வாங்கினால், பொதுவாக அது அவரைக் கட்டுப்படுத்தாது. ஆகவே அனுமதிக் கடிதம் முதல் படிதான், கடைசிப் படி அல்ல.

தோட்டம் கை மாறும்போது

வழி போவது பெரும்பாலும் எப்போது? தோட்டம் கை மாறும்போதுதான். 1950-களில் தோட்டத் துண்டாடல் நம் சமுதாயத்தை உலுக்கியது. துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே அதனால்தான். இன்று தேசிய நிலச் சட்டத் தொகுப்பின் 214ஏ பிரிவுப்படி, 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைப் பிரித்துப் பலருக்கு விற்பதற்கு மாநிலத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும்.

செம்பனைக் காடு வீடமைப்புத் திட்டமாக மாறும்போது இன்னொரு நிலை வருகிறது. 1976-ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் மேம்பாட்டுக்கு விண்ணப்பம் வந்தால், பக்கத்து நிலங்களின் உரிமையாளர்களுக்குக் கடிதம் போக வேண்டும். அவர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். கவனியுங்கள், கடிதம் போவது உரிமையாளருக்கு. லயத்தில் இருப்பவருக்கு அல்ல. அந்த வழியாகக் கோயிலுக்கு நடப்பவருக்கு அல்ல. நமக்குத் தகவல் வருவது மண்வாரி இயந்திரம் வந்து நிற்கும்போதுதான். அப்போது மறியல் செய்கிறோம், பத்திரிகைக்கு அழைக்கிறோம், எங்களைக் கேமராவோடு வரச் சொல்கிறோம். நாங்களும் வருகிறோம். ஆனால் அந்த நேரத்தில் கேமராவால் செய்யக் கூடியது மிகக் குறைவு.

உள்ளூர்த் திட்டத்தின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும்போது கதை வேறு. அப்போது யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம், ஆட்சேபம் தெரிவிக்கலாம். அந்த வரைபடத்தில் நம் கோயிலும் இடுகாடும் பாதையும் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க எத்தனை பேர் போயிருக்கிறோம்? மலாக்காவில் வரலாற்று மாநகர் மன்றம், அலோர் காஜா, ஜாசின், ஹங் துவா ஜெயா நகராண்மைக் கழகங்கள் என நான்கு ஊராட்சி மன்றங்கள் இருக்கின்றன. நம்முடையது எது என்று தெரிந்து வைத்திருப்பது முதல் வேலை.

தாமானிலும் அதே கேட்

தோட்டத்தை விட்டு வந்தவர்கள் தாமானில் வேறொரு கேட்டைப் பார்க்கிறார்கள். திருட்டுப் பயத்தால் குடியிருப்பாளர்களே சேர்ந்து தடுப்புக் கம்பி போட்டுக் காவலர் வைக்கிறார்கள். அந்தச் சாலை பொதுச் சாலை. 2010-இல் வந்த நகர், கிராமத் திட்டமிடல் இலாகாவின் வழிகாட்டி, அடுக்குமாடி போன்ற தனிப் பட்டா உள்ள வளாகத்தையும், பொதுச் சாலைகளைக் கொண்ட காவல் குடியிருப்பையும் வேறுபடுத்திக் காட்டுகிறது. இரண்டாவது வகையில் பொதுமக்களைத் திருப்பி அனுப்ப முடியாது.

இது நீதிமன்றம் வரை போன விவகாரம். கோத்தா டாமன்சாராவில் ஒரு குடியிருப்பாளர், தன் வீட்டுக்குப் போகிற சாலையில் தடுப்புக் கம்பி இடைஞ்சலாக இருக்கிறது என்று வழக்குப் போட்டார். ஊராட்சி மன்றத்தின் அனுமதியோடு போடப்பட்ட அந்தக் கம்பி சட்டவிரோதத் தடை அல்ல என்று கூட்டரசு நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது. அவர் போகவே முடியாமல் இருந்தால் வேறு கதை. கொஞ்சம் சிரமம் என்பது வழி மறுப்பு ஆகாது. இதில் இரண்டு பக்கத்துக்கும் பாடம் இருக்கிறது. அனுமதி இருந்தால் கம்பி நிற்கும். அனுமதி இல்லாமல் பொது இடத்தில் சுவரோ வேலியோ கம்பமோ வைத்தால், 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 46-ஆவது பிரிவு பாயும்.

நம் கடை வாசலையும் பார்ப்போம்

வழியை அடைப்பவர்கள் எப்போதும் மற்றவர்கள்தானா? மலாக்காப் பட்டணத்துக்குப் போய்ப் பாருங்கள். பழைய கடைத்தெருக்களில் இருக்கும் 'அஞ்சடி' கடைக்காரரின் இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் நடப்பது பொதுமக்கள். வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நடக்க வேண்டிய இடம். 1822-இல் ராபிள்ஸ் சிங்கப்பூருக்குப் போட்ட நகரத் திட்டத்தில் இருந்து பரவிய வழக்கம் இது. அதைச் சரக்கு வைக்காமல் திறந்து விட வேண்டும் என்று நகராட்சி வற்புறுத்தியபோது, 1888-இல் சிங்கப்பூரில் கடையடைப்பும் கலகமுமே நடந்தது.

இன்றைக்கும் நம் கடைகளின் முன்னால் பாத்திரக் குவியல், பூக்கூடை, மேசை நாற்காலி. சக்கர நாற்காலியில் வருகிற ஒரு பெரியவர் சாலையில் இறங்கி லாரிக்கு நடுவே போக வேண்டியிருக்கிறது. தோட்டத்துக் கேட்டைத் திறக்கச் சொல்கிற நாம், நம் அஞ்சடியைத் திறந்து வைத்தால்தான் அந்தக் குரலுக்கு வலு இருக்கும். மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைக்குத் தேர் போகும்போது மற்ற இனத்தவர்களும் வழிவிட்டுத்தான் நிற்கிறார்கள். வழி என்பது கொடுத்து வாங்குகிற பொருள்.

நாளைக் காலையில் செய்யக் கூடியவை

கடைசியாக, நடைமுறைக்கு வருவோம். உங்கள் ஊரில் இப்படிப்பட்ட வழி ஒன்று இருந்தால், பூட்டு விழுவதற்கு முன்பே சில வேலைகளைச் செய்து வையுங்கள்.

முதலில் அந்த நிலத்தின் லாட் எண்ணைக் கண்டுபிடித்து, மலாக்கா தெங்ஙா, அலோர் காஜா, ஜாசின் ஆகிய மூன்று மாவட்ட நில அலுவலகங்களில் உரிய இடத்தில் அதிகாரப்பூர்வத் தேடல் செய்யுங்கள். உரிமையாளர் யார், வழியுரிமை ஏதும் பதிவாகியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். சில இடங்களில் தோட்டப் பாதை என்று நாம் நினைத்தது அரசாங்கச் சாலை ஒதுக்கீடாகவே இருக்கலாம். அப்படியானால் பூட்டியவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, அந்தச் சாலைக்குத் தார் போட்டது யார், விளக்கு வைத்தது யார் என்று விசாரித்து எழுதி வையுங்கள். ஊராட்சி மன்றம் வழக்கமாகப் பராமரித்து வந்த சாலையா என்பது சட்டத்தின் பார்வையில் முக்கியமான கேள்வி.

மூன்றாவது, கோயில் நிர்வாகமோ பெற்றோர் ஆசிரியர் சங்கமோ கூட்டம் போட்டு, தீர்மானம் எழுதி, நிலக்காரருக்கு மரியாதையாக ஒரு கடிதம் கொடுங்கள். எந்த நாள், எந்த நேரம், எத்தனை வாகனம், சாவி யார் பொறுப்பில் என்பதையும் எழுதுங்கள். குலை திருட்டுப் பயம் அவருக்கு இருந்தால், அதற்கு நாம் என்ன பொறுப்பு ஏற்கிறோம் என்பதையும் சொல்லுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

நான்காவது, அடைபட்ட சொந்த நிலம் என்றால் தாமதிக்காமல் நில நிர்வாகியிடம் விண்ணப்பியுங்கள். வசதியில்லாதவர்கள் வழக்கறிஞர் மன்றத்தின் மலாக்கா சட்ட உதவி மையத்தை நாடலாம். ஒன்று மட்டும் வேண்டாம். பூட்டை உடைப்பது வேண்டாம். பூட்டை உடைத்த நிமிடத்தில் நியாயம் கேட்டவர் குற்றவாளி ஆகிவிடுகிறார். பேச்சு வழியைப் பற்றி இருக்காது, பூட்டைப் பற்றி இருக்கும்.

மலாக்காவுக்கும் தம்பினுக்கும் இடையே ஒரு காலத்தில் ரயில் ஓடியது. ஜப்பானியர் காலத்தில் அந்தத் தண்டவாளத்தைப் பிடுங்கிச் சயாம் மரண ரயில்வேக்குக் கொண்டு போனார்கள். இரும்புப் பாதையே ஒரு நாளில் இல்லாமல் போகும் என்றால், காகிதத்தில் இல்லாத ஒற்றையடிப் பாதை எம்மாத்திரம்? தோட்டத்தில் இருந்தவர்கள் வயதாகிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இந்த வழி எங்கே தொடங்கியது, யார் வாய்மொழியாக அனுமதித்தார்கள் என்று சொல்லக்கூடிய கடைசி ஆட்கள் அவர்கள்தான். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி, நில அலுவலகத்துக்குப் போய் வாருங்கள்.